நேர்கோடு அமைதி அல்ல: நில அதிர்வுத் தரவு எங்கள் திரைக்கு வந்து சேரும் வழி

"தம்பி, கோடு நேராக் கிடக்குது. நிலம் ஆடேல்லையோ, இல்லாட்டி உன்ர லைன் அறுந்து கிடக்குதோ?"

என் மாமா கேட்ட கேள்வி இது. முல்லைத்தீவுக் கரையில் வாழ்நாள் முழுவதும் கடற்றொழில் செய்தவர். 2004 டிசெம்பர் 26 இல் வீட்டையும் வள்ளத்தையும் இரண்டு உறவுகளையும் கடலுக்குக் கொடுத்தவர். 2009 இல் மிச்சத்தையும் விட்டுவிட்டு நடந்தவர். அவர் மீள்குடியேறிய வீட்டின் விறாந்தையில் பழைய கணினித் திரை ஒன்றை வைத்து, இந்து சமுத்திரத்தைச் சுற்றியுள்ள சில நில அதிர்வு நிலையங்களின் தரவு அதில் ஓடும்படி செய்திருந்தேன். கணினி கற்பிப்பது என் தொழில். மாணவர்களுக்குக் காட்டவென்று தொடங்கிய வேலை அது. மாமா அதைத் தன்னுடைய காவல் வேலையாக எடுத்துக்கொண்டார்.

அவரது கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். நான்கு மணித்தியாலமாக ஒரு பைட் தரவுகூட வந்திருக்கவில்லை. ஆனால் நான் எழுதிய நிரல் எந்தப் பிழையையும் சொல்லவில்லை. இணைப்பு உயிரோடு இருக்கிறது என்றே அது நம்பிக்கொண்டிருந்தது. வராத தரவுக்குப் பதிலாக, கடைசியாக வந்த எண்ணையே நீட்டி நேர்கோடாக வரைந்துகொண்டிருந்தது. அந்தப் பிழை என்னுடையது.

தொடர்ந்து ஓடிவரும் சமிக்ஞைத் தரவு ஒரு வலையமைப்பின் வழியாகப் பல கணினிகளுக்கு எப்படி அனுப்பப்படுகிறது, அது எங்கே தடைப்படும், தடைப்பட்டால் யாருக்குத் தெரியும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. விடயம் தொழில்நுட்பம்தான். ஆனால் கரையோரத்தில் இருக்கும் நாங்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

அந்தக் காலையின் நேரக் கணக்கு

சுமாத்திராவின் மேற்குக் கரைக்கு அப்பால் நிலம் உடைந்தது சர்வதேச நேரம் 00:58 மணிக்கு. அப்போது கொழும்பு மணிக்கூட்டில் 6:58. வன்னியில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், அந்நாட்களில் எங்கள் மணிக்கூடு கொழும்பு மணிக்கூட்டுக்கு அரை மணித்தியாலம் பின்னால் ஓடியது. எங்களுக்கு அது 6:28. இந்த அரை மணித்தியாலத்துக்குப் பின்னர் ஒரு தடவை திரும்பி வருவேன்.

நில அதிர்வின் முதல் அலை பாறைக்குள்ளால் விநாடிக்குப் பல கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். மையத்திலிருந்து இலங்கை ஏறத்தாழ 1,700 கிலோமீற்றர். நான்கு நிமிடத்துக்குள் அந்த அலை இலங்கையின் நிலத்துக்குள் வந்துவிட்டது. கண்டிக்கு அருகே பல்லேகலவில் உள்ள, உலக நில அதிர்வு வலையமைப்பைச் சேர்ந்த நிலையம் அதைப் பதிவு செய்தது. பின்னால் வந்த மேற்பரப்பு அலைகள் இலங்கையின் நிலத்தை 9 சென்ரிமீற்றருக்கு மேல் உயர்த்தி இறக்கின. அவை மிக மெதுவான அலைகள் என்பதால் யாரும் உணரவில்லை.

கடல் அலையின் கணக்கு வேறு. 4,000 மீற்றர் ஆழமான கடலில் ஆழிப்பேரலை மணிக்கு 700 கிலோமீற்றர் அளவில் ஓடும். அது எங்கள் கிழக்குக் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. ஹவாயில் உள்ள பசுபிக் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் 15 நிமிடத்தில் தனது முதல் அறிக்கையை வெளியிட்டது. அது பசுபிக் நாடுகளுக்கானது. அதில் அளவு 8.0 என்று இருந்தது. பின்னரே 9 ஐத் தாண்டியது என்று கணிக்கப்பட்டது. இந்து சமுத்திரத்துக்கென்று எச்சரிக்கை அமைப்பு எதுவும் அப்போது இருக்கவில்லை. தகவல் புறப்பட்ட இடம் இருந்தது. அது வந்து சேர வழி இருக்கவில்லை. இலங்கையில் மட்டும் 30,000 க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அதன்பின் வழி கட்டப்பட்டது. 2008 நவம்பரில் ஜேர்மனியின் உதவியுடன் இந்தோனேசியாவின் எச்சரிக்கை அமைப்பு ஜகார்த்தாவில் தொடக்கி வைக்கப்பட்டது. 2011 இலிருந்து அவுஸ்திரேலியா, இந்தியா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளும் சமுத்திரம் முழுவதற்குமான எச்சரிக்கைகளைக் கணித்து வழங்குகின்றன. இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே வேலை: நிலத்தில் புதைத்த கருவி எழுதும் எண்களை, இடைவிடாமல், தொலைவில் உள்ள கணினிக்கு அனுப்புவது.

நிலம் எண்ணாகும் விதம்

நில அதிர்வுமானி நிலத்தின் அசைவை மின்னழுத்தமாக மாற்றுகிறது. அந்த மின்னழுத்தத்தை ஓர் இலக்கமாக்கி விநாடிக்கு 20, 40 அல்லது 100 தடவை அளந்து எண்ணாக எழுதுகிறது. ஒவ்வோர் எண்ணும் வழக்கமாக 24 பிட் நீளமானது. மேல்-கீழ், வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு என்று மூன்று திசைக்கும் மூன்று ஓடைகள்.

இது பெரிய தரவு அல்ல. விநாடிக்கு 100 தடவை, மூன்று திசை, ஓர் எண்ணுக்கு 4 பைட் என்று வைத்தாலும் விநாடிக்கு 1,200 பைட்தான். கைத்தொலைபேசியில் ஒரு பாட்டுக் கேட்பதற்கு இதைவிடப் பல மடங்கு தேவை. அதையும் சுருக்கியே அனுப்புகிறார்கள். ஒவ்வோர் எண்ணையும் முழுதாக எழுதாமல், முந்திய எண்ணுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதுவார்கள். நிலம் அமைதியாக இருக்கும்போது வித்தியாசம் சிறியது. ஸ்ரைம் 2 என்ற முறையில் 32 பிட் கொண்ட ஓர் இடத்துக்குள் ஏழு சிறிய வித்தியாசங்கள்வரை அடங்கும்.

இப்படிச் சுருக்கிய எண்களை 512 பைட் கொண்ட பொதிகளாகக் கட்டுகிறார்கள். இந்த வடிவத்தின் பெயர் மினிசீட். பொதியின் தலைப்பில் நிலையத்தின் பெயர், ஓடையின் பெயர், முதல் எண் அளக்கப்பட்ட சரியான நேரம் ஆகியவை இருக்கும்.

இங்கே இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, நேரம் பொதிக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. பொதி எங்கள் வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தது என்பது முக்கியமில்லை. அது புறப்பட்ட இடத்தில் செய்மதி மணிக்கூட்டைப் பார்த்து, சர்வதேச நேரத்தில் பதிந்த நேரமே கணக்கு. கொழும்பு நேரம், வன்னி நேரம் என்று இரண்டு மணிக்கூட்டோடு வாழ்ந்த எங்களுக்கு இதன் பெறுமதி விளங்கும். பத்து நாட்டு நிலையங்களின் பதிவுகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும் கணினிக்கு அரை மணித்தியாலம் அல்ல, அரை விநாடி பிழைத்தாலே நிலநடுக்க மையம் சில கிலோமீற்றர் தள்ளிப் போய்விடும்.

இரண்டாவது, பொதி நிறைய நேரம் எடுக்கும். விநாடிக்கு 20 எண்கள் என்றால், ஒரு பொதிக்குள் ஏறத்தாழ 400 எண்கள் அடங்கும்போது அது நிறைய 20 விநாடி செல்லும். அதுவரை அது புறப்படாது. நிலம் பலமாக ஆடத் தொடங்கினால் வித்தியாசங்கள் பெரிதாகும், சுருக்கம் குறையும், பொதி வேகமாக நிறையும். ஆகவே ஆபத்து நேரத்தில் பொதிகள் அடுத்தடுத்து வரும். வலையமைப்பிலும் மற்ற எல்லோரும் முட்டிமோதுவது அதே நேரத்தில்தான்.

ரி.சி.பி. தரும் வாக்குறுதியும் தராத வாக்குறுதியும்

இந்தப் பொதிகளைச் சுமப்பது ரி.சி.பி. என்ற நெறிமுறை. இணையத்தில் நாங்கள் செய்யும் பெரும்பாலான வேலைகள் அதன்மேல்தான் நடக்கின்றன. அதன் அடிப்படை விதிகள் 1981 இல் எழுதப்பட்டன. 2022 இல் அவை திருத்தித் தொகுக்கப்பட்டன.

பதிவுத் தபாலை நினைத்துக்கொள்ளுங்கள். அனுப்பியவர் ஒவ்வொரு துண்டுக்கும் இலக்கம் போடுகிறார். பெற்றவர் ஒப்புகை அனுப்புகிறார். ஒப்புகை வராவிட்டால் அனுப்பியவர் திரும்ப அனுப்புகிறார். முன்பின்னாக வந்தால் பெறும் கணினி அடுக்கி ஒழுங்குபடுத்துகிறது. ஆகவே ரி.சி.பி. இரண்டு விடயங்களுக்குப் பொறுப்பு நிற்கிறது: எதுவும் விடுபடாது, வரிசை குழம்பாது.

எப்போது வந்து சேரும் என்பதற்கு அது பொறுப்பு நிற்பதில்லை. ஒரு துண்டு வழியில் தொலைந்தால், அதற்குப் பின்னால் வந்தவை எல்லாம் வாசலில் காத்து நிற்கும். திரும்ப அனுப்பியும் ஒப்புகை வராவிட்டால், அடுத்த முயற்சிக்கு முன் காத்திருக்கும் நேரத்தை அது இரட்டிப்பாக்கிக்கொண்டே போகும். ஒரு விநாடி, இரண்டு, நான்கு, எட்டு என்று ஏறும். லினக்ஸ் இயங்குதளம் வழக்கமான அமைப்பில் ஏறத்தாழ 15 நிமிடம் முயன்ற பின்னரே இணைப்பைக் கைவிடும்.

இன்னொரு விடயத்தில் புதிதாக நிரல் எழுதுபவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது விழுவார்கள். நானும் விழுந்தேன். ரி.சி.பி. க்குப் பொதி என்ற எண்ணமே இல்லை. அதற்குத் தெரிந்தது வாய்க்காலில் ஓடும் தண்ணீர்போலப் பைட்டுகளின் ஓட்டம் மட்டுமே. 520 பைட்டை ஒரே தடவையில் அனுப்பினாலும், மறுபக்கத்தில் முதலில் 300 உம் பிறகு 220 உம் வரலாம். வந்ததை அப்படியே ஒரு பொதி என்று எடுத்தால் அடுத்து வருவதெல்லாம் குப்பை. 520 சேரும்வரை வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்து மேசைக் கணினியோடு சோதித்தபோது எல்லாம் சரியாக ஓடியது. முல்லைத்தீவுக் கைத்தொலைபேசி இணைப்பில் முதல் நாளே குழம்பியது.

ஓமந்தையில் நின்ற லொறி

அடுத்த பிரச்சினை, ஒரு சேவையகம் பலருக்குத் தரவு கொடுக்கும்போது வருவது. சேவையகம் என்பது நாங்கள் சேர்வர் என்று சொல்லும் கணினி. அதனிடம் தரவு கேட்டு இணையும் கணினியை இங்கே பெறுநர் என்று குறிப்பிடுகிறேன்.

நான் வாங்கிய தரவை வகுப்பறையில் இருந்த பத்து மடிக்கணினிகளுக்குத் திருப்பி அனுப்ப ஒரு சிறிய நிரல் எழுதினேன். புதிய பொதி வந்ததும் முதலாமவருக்கு அனுப்பு, இரண்டாமவருக்கு அனுப்பு என்று வரிசையாகப் போகும். ஒருநாள் ஒரு மாணவி மடிக்கணினியை மூடிவிட்டு வெளியே போனாள். சிறிது நேரத்தில் பத்துத் திரையும் நின்றுவிட்டன.

காரணம் இதுதான். தூங்கும் கணினி ஒப்புகை அனுப்பாது. அதற்கென்று என் சேவையகம் வைத்திருந்த இடைத்தேக்கம் நிறைந்தது. நிறைந்ததும் அனுப்பு என்ற கட்டளை திரும்பி வராமல் அங்கேயே காத்து நின்றது. அது நின்றதால் மற்ற ஒன்பது பேருக்கும் அனுப்ப ஆள் இல்லை. ஏ9 வீதியில் பயணம் செய்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஓமந்தையில் முன்னால் நின்ற ஒரு லொறியில் சாமான் இறக்கிச் சோதித்தால், பின்னால் நோயாளியோடு நிற்கும் வாகனமும் நிற்கும்.

மெதுவான பெறுநரை என்ன செய்வது என்று ரி.சி.பி. முடிவு செய்யாது. நிரல் எழுதுபவரே முடிவு செய்ய வேண்டும். வழிகள் மூன்று. அவருக்காகக் காத்திருக்கலாம், அப்போது எல்லோரும் நிற்பார்கள். அவருடைய இணைப்பைத் துண்டிக்கலாம். அல்லது அவருக்கென்று தனித் தேக்கம் வைத்து, அது நிறைந்தால் பழையதைக் கொட்டலாம். எங்கள் குளங்கள் வான் பாய்வதுபோல.

எதைத் தெரிவது என்பது தரவைப் பொறுத்தது. மலிவான வானொலி வாங்கிக் குச்சி ஒன்றைக் கணினியில் செருகி, அது பிடிக்கும் அலைகளை வலையமைப்பில் அனுப்பும் ஆர்.ரி.எல். ரி.சி.பி. என்ற சிறு மென்பொருள் உண்டு. வானொலி ஆர்வலர்கள் பலர் அதைப் பாவிக்கிறார்கள். விநாடிக்கு 24 இலட்சம் மாதிரிகள், ஒவ்வொன்றும் இரண்டு பைட், ஆக விநாடிக்கு 48 இலட்சம் பைட். இவ்வளவையும் தேக்கி வைக்க முடியாது. வழக்கமான அமைப்பில் 500 துண்டுகள்வரை வைத்திருக்கும், மிஞ்சினால் பழையதைக் கைவிடும். பாட்டுக் கேட்பவருக்கு ஒரு கணம் கரகரப்புக் கேட்கும், அவ்வளவுதான். நில அதிர்வுக்கு இந்த முடிவு சரிவராது. கைவிட்ட அந்தத் துண்டில்தான் முதல் அலை இருந்திருக்கலாம்.

வட்டத் தேக்கமும் தொடரிலக்கமும்

நில அதிர்வுத் துறை கண்ட தீர்வு சீட்லிங்க் என்ற நெறிமுறை. ஜேர்மனியின் பொட்ஸ்டாமில் உள்ள புவியறிவியல் ஆய்வு மையத்தின் ஜியோஃபொன் திட்டத்தில் உருவானது. இன்று உலகெங்கும் பாவிக்கப்படுகிறது. அதைச் சுற்றி வளர்ந்த சைஸ்கோம்பி என்ற மென்பொருள் தொகுதியே 2004 க்குப் பிந்திய இந்தோனேசிய எச்சரிக்கை அமைப்பிலும் இடம்பெற்றது.

சீட்லிங்க் சேவையகம் ஒவ்வொரு பொதிக்கும் முன்னால் 8 எழுத்துத் தலைப்பு ஒன்றை ஒட்டுகிறது. எஸ், எல் என்ற இரண்டு எழுத்துகளும் ஆறு எழுத்துத் தொடரிலக்கமும். 512 உம் 8 உம் சேர்ந்து 520. நான் மேலே சொன்ன 520 இதுதான்.

பொதிகள் ஒரு வட்டத் தேக்கத்தில் எழுதப்படுகின்றன. வட்டம் நிறைந்தால் மிகப் பழைய பொதியின்மேல் புதியது எழுதப்படும். பெறுநர்களுக்கென்று தனிப் பிரதி இல்லை. ஒவ்வொருவரும் வட்டத்தில் எந்த இடத்தில் நிற்கிறார் என்ற ஓர் அடையாளம் மட்டுமே உண்டு. ஒருவர் மெதுவாக வாசித்தால் அவருடைய அடையாளம் பின்தங்கும். மற்றவர்களின் ஓட்டம் தடைப்படாது. ஓமந்தை வரிசை அங்கே இல்லை.

உரையாடலும் எளிமையானது. பெறுநர் 18000 என்ற வாயிலில் இணைந்து ஹலோ என்கிறார். சேவையகம் தன் பெயரையும் பதிப்பையும் சொல்கிறது. பெறுநர் தனக்கு வேண்டிய நிலையத்தையும் ஓடையையும் கேட்கிறார், சேவையகம் ஓகே என்கிறது. பிறகு தரவு என்ற கட்டளை, முடிவு என்ற கட்டளை. அதன்பின் பொதிகள் வரத் தொடங்கும்.

முக்கியமான வசதி தரவுக் கட்டளையில் இருக்கிறது. அதோடு ஒரு தொடரிலக்கத்தையும் சேர்த்துச் சொல்லலாம். நேற்று இணைப்பு அறுந்தபோது கடைசியாகக் கிடைத்த பொதியின் இலக்கத்தைப் பெறுநர் எழுதி வைத்திருந்தால், இன்று இணைந்ததும் அதற்கு அடுத்ததிலிருந்து தா என்று கேட்கலாம். வட்டத்தில் அது இன்னும் இருந்தால், விடுபட்டது முழுவதும் வந்துவிடும்.

வட்டம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? விநாடிக்கு 20 எண்கள் கொண்ட ஓர் ஓடைக்கு ஒரு நாளில் 17,28,000 எண்கள். ஒரு பொதிக்கு 400 என்றால் 4,320 பொதிகள், ஏறத்தாழ 22 இலட்சம் பைட். மூன்று திசைக்கும் சேர்த்து ஒரு நாள் முழுவதும் இரண்டு நல்ல புகைப்படங்களின் இடத்துக்குள் அடங்கும். மின்வெட்டும் புயலும் வழக்கமான இடங்களில் பல நாள் தேக்கம் வைப்பது செலவே இல்லாத காப்பு.

இணைப்பு வட்டம் சுற்றுவதைவிட நீண்ட நேரம் அறுந்திருந்தால் இடைவெளி விழும். ஆனால் தொடரிலக்கமும் பொதிக்குள் இருக்கும் நேரமும் தாண்டிக் குதிப்பதால் இடைவெளி இருப்பது தெரியவரும்.

இடைவெளியை மறைத்தால் என்ன நடக்கும்

தரவு வந்து சேர்ந்த பின் சமிக்ஞை ஆய்வு தொடங்குகிறது. முதல் அலையைக் கணினி கண்டுபிடிக்கும் பொது வழி இரண்டு சராசரிகளை ஒப்பிடுவது. கடைசி 2 விநாடியின் சராசரி ஒன்று, கடைசி 80 விநாடியின் சராசரி ஒன்று. சைஸ்கோம்பியின் வழக்கமான அமைப்பு இது. நிலம் அமைதியாக இருந்தால் இரண்டும் ஏறத்தாழச் சமன். திடீரென்று ஆடினால் குறுகிய சராசரி பாயும், நீண்டது பின்தங்கும். விகிதம் 3 ஐத் தாண்டினால் கணினி அதை அலை வந்த நேரமாகக் குறிக்கும்.

இப்போது நடுவில் ஓர் இடைவெளி விழுந்ததாக நினையுங்கள். நிரல் அதைப் பூச்சியத்தால் நிரப்பினால், தரவு திரும்ப வரும் கணத்தில் வெறுமையிலிருந்து ஒரு பாய்ச்சல் தெரியும். கணினி அதை அதிர்வென்று எடுத்துப் பொய் எச்சரிக்கை தரலாம். கடைசி எண்ணை நீட்டி நிரப்பினால் என் திரையில் நடந்ததுபோல, இல்லாத அமைதி ஒன்று தெரியும். சரியான வழி ஒன்றுதான். இடைவெளியை இடைவெளியாகவே காட்டி, வடிகட்டிகளையும் சராசரிகளையும் புதிதாகத் தொடங்க வேண்டும்.

நிலத்தின் சமிக்ஞை ஒருபோதும் நேர்கோடாக இருப்பதில்லை. கடல் அலைகள் சமுத்திரத்தின் அடியை ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த மெல்லிய அசைவு ஐந்து முதல் பத்து விநாடிக்கு ஒரு தடவை என்று உலகின் எல்லா நல்ல நில அதிர்வுமானிகளிலும் பதிவாகும், கண்டங்களின் நடுவில் உள்ளவற்றிலும்கூட. உயிரோடு இருக்கும் கோடு எப்போதும் சற்று நடுங்கிக்கொண்டே இருக்கும்.

இரண்டு மணித்தியால மௌனம்

இனி மாமாவின் கேள்விக்கு வருகிறேன். நான்கு மணித்தியாலமாகத் தரவு வராதது என் நிரலுக்கு ஏன் தெரியவில்லை?

அன்று மின்வெட்டில் ரவுட்டர் நின்று மீண்டும் எழுந்தது. கணினி மின்கலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்த ரவுட்டர் பழைய இணைப்பை மறந்துவிட்டது. தொலைவிலிருந்த சேவையகம் அனுப்பிப் பார்த்து, ஒப்புகை வராமல், சிறிது நேரத்தில் கைவிட்டது. கைவிட்ட செய்தி எனக்கு வந்து சேர வழி இல்லை. என் பக்கம் அனுப்புவதற்கு ஒன்றும் இல்லாமல் வாங்கக் காத்திருக்கும் பக்கம். ரி.சி.பி. இல் வெறுமனே காத்திருப்பவருக்கு, மறுபக்கம் செத்துவிட்டதும் மறுபக்கத்தில் சொல்ல ஒன்றும் இல்லாததும் ஒன்றுபோலவே தெரியும்.

இதற்கென்று உயிர்ச் சோதனை ஒன்று ரி.சி.பி. இல் உண்டு. நீண்ட நேரம் சத்தமில்லாவிட்டால் இருக்கிறாயா என்று தட்டிப் பார்க்கும். ஆனால் 1989 இல் எழுதப்பட்ட விதியின்படி, நிரல் கேட்டாலன்றி அது நிறுத்தியே வைக்கப்பட்டிருக்க வேண்டும். கேட்டாலும் அதன் வழக்கமான காத்திருப்பு இரண்டு மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. லினக்ஸில் இன்றும் 7,200 விநாடிதான். அதன்பின் 75 விநாடிக்கு ஒரு தடவையாக ஒன்பது முறை தட்டும். மொத்தம் 2 மணித்தியாலம் 11 நிமிடம்.

சுமாத்திராவிலிருந்து அலை எங்கள் கரைக்கு வர எடுத்த நேரத்தை மேலே சொன்னேன். இணைப்பு இருக்கிறதா என்று கணினி முதல் தடவை தட்டிப் பார்க்கும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

இந்த விதியை எழுதியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அன்று வலையமைப்பு விலை கூடியது, வீணாகத் தட்டக் கூடாது என்று நினைத்தார்கள். ஆனால் எந்த வேலைக்குப் பாவிக்கிறோமோ அந்த வேலைக்கேற்ற காலக்கெடுவை நாங்களே வைக்க வேண்டும். சீட்லிங்க் பெறுநர்களுக்கென்று பரவலாகப் பாவிக்கப்படும் நிரல்தொகுதி வழக்கமாக 600 விநாடி எதுவும் வராவிட்டால் இணைப்பைத் தானே அறுத்து, 30 விநாடியில் மீண்டும் இணையும். காப்பகத்துக்குத் தரவு சேர்ப்பவருக்குப் பத்து நிமிடம் போதும். காவல் இருப்பவருக்குப் போதாது.

எங்கள் இளையவர்கள் செய்து பார்க்க

இப்படி ஒன்றை அமைக்க விரும்பும் மாணவர்களுக்கு, நான் பிழைவிட்டுக் கற்றவை இவை:

1. வந்த பைட்டுகளைப் பொதி நிறையும்வரை சேர்த்து வாசியுங்கள். ஒரு வாசிப்பு ஒரு பொதி என்று நம்ப வேண்டாம்.

2. பலருக்கு அனுப்பினால், எந்த ஒருவருக்காகவும் மற்றவர்களை நிறுத்த வேண்டாம். மெதுவானவரை என்ன செய்வதென்று முதலிலேயே முடிவெடுங்கள்.

3. கடைசித் தொடரிலக்கத்தைக் கோப்பில் எழுதி வையுங்கள். மின்சாரம் போய் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து கேட்கலாம்.

4. பொதி எத்தனை விநாடிக்கு ஒரு தடவை வர வேண்டும் என்று கணக்கிடுங்கள். அதன் மூன்று மடங்கு நேரம் சத்தமில்லாவிட்டால் இணைப்பை அறுத்துப் புதிதாக இணையுங்கள்.

5. தரவு இல்லாததைத் திரையில் தெளிவாகக் காட்டுங்கள். கடைசிப் பொதியின் வயதை விநாடியில் எழுதுங்கள்.

வீட்டுத் திரை எச்சரிக்கை அமைப்பு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கோடு ஆடுவதைப் பார்த்து ஆழிப்பேரலை வருமா என்று யாராலும் சொல்ல முடியாது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் ஆடியது, எங்கள் கரையோரம் முழுவதும் ஓடியது. தட்டுகள் பக்கவாட்டில் வழுக்கியதால் பெரிய அலை எழவில்லை. இலங்கையில் எச்சரிக்கை விடுக்கும் பொறுப்பு வளிமண்டலவியல் திணைக்களத்துடையது. அதை மக்களுக்குக் கொண்டு சேர்ப்பது அனர்த்த முகாமைத்துவ நிலையம். அதன் அவசர இலக்கம் 117.

ஆனால் மாமாவின் கேள்வி அவர்களிடமும் கேட்கப்பட வேண்டியது. நில அதிர்வு நிலையத்திலிருந்து எச்சரிக்கை மையம், மையத்திலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து மாவட்டம், மாவட்டத்திலிருந்து கரையில் நிற்கும் கோபுரமும் கிராம அலுவலரின் தொலைபேசியும். இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் ஓர் இணைப்பு. அது அறுந்தால் எத்தனை நிமிடத்தில் யாருக்குத் தெரியவரும்? கடைசியாக எப்போது தட்டிப் பார்த்தார்கள்? பிரதேச செயலகக் கூட்டங்களில் எங்கள் மீனவர் சங்கங்களும் மாதர் சங்கங்களும் இதைக் கேட்கலாம். இதைக் கேட்பதற்குக் கணினி அறிவு தேவையில்லை.

நான் நிரலைத் திருத்திவிட்டேன். இப்போது ஒரு நிமிடம் தரவு வராவிட்டால் கோடு மறைந்து, "தொடர்பு இல்லை" என்று சிவப்பில் எழுத்து வரும். மின்வெட்டு நாட்களில் அது அடிக்கடி வருகிறது. வந்ததும் மாமா எனக்கு அழைப்பு எடுக்கிறார்.

"தம்பி, லைன் அறுந்து போச்சு. கடல் எப்பிடியெண்டு தெரியாது."